பணத்தைத் தொலைத்தவனிடம் பாடம் நடத்துகிறவர்களுக்கு

டாலஸ் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் நேற்று நடந்ததை இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை, பாதிப் பேர் அதில் இருக்கிறீர்கள். வெளிநாட்டு பெட்டிங் சைட்டில் ஜெயித்த பணத்தை எடுக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டார். வந்தது சிரிப்பு எமோஜியும் "அங்க போய் போட்டா இப்படித்தான்" என்ற உபதேசமும்தான். எனக்கு இரவெல்லாம் மனசு ஆறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அமெரிக்கச் சட்டம் இத்தனை வருடத்தில் இந்த சைட்டுகளை ஒழிக்கவில்லை, அங்கே பணம் போட்டவனைத்தான் கேட்பாரில்லாமல் விட்டது.

2006-இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டத்தோடு சேர்த்து இணையச் சூதாட்டத்துக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பந்தயம் கட்டுகிறவனை அது தொடவில்லை, பணம் போய்வரும் வழியைத்தான் அடைத்தது. பயந்து உடனே வெளியேறியது யார்? பார்ட்டிகேமிங் என்ற இணையச் சூதாட்டக் கம்பெனி மாதிரி லண்டன் பங்குச்சந்தையில் இருந்த, கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனிகள். எந்தச் சட்டத்துக்கும் அஞ்சாதவர்கள் கடையை மூடவில்லை. அதே வருடம் ஜூலையில் பெட்ஆன்ஸ்போர்ட்ஸ் என்ற வெளிநாட்டு பெட்டிங் சைட்டின் தலைவர் டேவிட் கருதர்ஸை நம் டாலஸ் விமான நிலையத்தில்தான் பிடித்தார்கள். கம்பெனி சுருண்டது, பணம் போட்டிருந்த அமெரிக்கர்கள் பலருக்குச் சல்லிக்காசு திரும்பவில்லை. 2011-இல் ஃபுல் டில்ட் போக்கர் என்ற சீட்டாட்ட சைட்டை முடக்கியபோதும் ஆடியவர்களுக்குப் பணம் வர ஆரம்பித்தது 2014-இல். ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டது பணம் போட்டவன்தான்.

"சட்டப்படி நடக்கிற ஆப்ல போட வேண்டியதுதானே?" எங்கே போடுவது? 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த பழைய தடையை நீக்கிய பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அனுமதித்துவிட்டன, நம் டெக்சாஸ் இல்லை. இங்கிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி ஷ்ரீவ்போர்ட் பக்கம் போனால், லூசியானா எல்லையைத் தாண்டியதும் அதே போனில் அதே ஆப் வேலை செய்கிறது. 2024-இல் மிச்சிகன் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் விட்டதும் போவாடா என்ற வெளிநாட்டு சைட் அந்த மாநிலத்தை விட்டுப் போனது, உண்மைதான். உரிமம் கொடுத்து, புகார் கேட்க ஆள் வைத்திருக்கிற மாநிலத்தில் அது நடக்கும். இங்கே விளையாட்டுப் பந்தயத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

"சூதாட்டமே தப்பு" என்பவர்களுக்கு: சரி, தப்பு. 1992-லிருந்து மாநில அரசே லாட்டரி விற்கிறதே, பெட்ரோல் பங்கில் அந்தச் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்பவரிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். டாலஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் டீம் என்றால் பைத்தியம். இதே மாதிரி ஒரு வெளிநாட்டு சைட்டில் ஜெயித்த பணத்தைக் கேட்டதும் லைசென்ஸ் போட்டோ கேட்டார்கள். அனுப்பினார். லைசென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் என்றார்கள். அப்புறம் கரண்ட் பில். அதன் மூலைகள் நான்கும் படத்தில் தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் போனஸ் வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் இத்தனை மடங்கு பந்தயம் கட்டினால்தான் எடுக்கலாம் என்று பதில். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அந்த சாட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போலீசுக்குப் போங்கள் என்று நான் சொன்னதற்கு அவர் கேட்டது: "எச்1பி வேலை விசால இருக்கேன், கிரீன் கார்டு வரிசைல நிக்கிறேன், நானே போய் எழுதிக் கொடுக்கவா?" டெக்சாஸில் பந்தயம் கட்டுவதே குற்றம், 500 டாலர் வரை அபராதம். அபராதத்துக்கு அவர் பயப்படவில்லை, பேர் ஏட்டில் ஏறிவிடுமே என்றுதான் பயந்தார். இந்தப் பயம் என்னவென்று நம்மில் யாருக்குத் தெரியாது?

அதே பணத்துக்கு அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் வரி கேட்கும், வெளிநாட்டு சைட்டில் ஜெயித்தாலும் வருமானம் வருமானம்தான். 2026 முதல் தோற்றதில் 90 சதவீதம்தான் கழித்துக்கொள்ள முடியும். வாங்க மட்டும் அரசாங்கம் இருக்கிறது.

"தெரிஞ்சேதான போட்டான்?" ஆமாம், குழுவில் கேட்டவர் தெரிந்துதான் போட்டார். அதனால் அவர் பணத்தைத் திருடலாமா? வீடு வாங்கி ஏமாந்தவருக்கு, ஷேரில் விட்டவருக்கு இதே குழுவில் வக்கீல் நம்பர் தேடிக் கொடுத்தோம். இவருக்கு மட்டும் சிரிப்பு. அவர் மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறார், அது யாருக்காவது ஞாபகம் வந்ததா?

கேட்டவர் இதைப் படித்தால்: சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கார்டில் போட்டிருந்தால் பேங்கைக் கூப்பிடுங்கள். பணத்தை விடுவிக்க முன்கூட்டி வரி கட்டு என்று கேட்டால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.