காமெட் விமானங்கள் சதுர ஜன்னல்களால்தான் விழுந்தனவா?

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான டி ஹாவிலாண்ட் காமெட்டின் விபத்துகள் அனைத்துக்கும் அதன் சதுர ஜன்னல்களே காரணம் என்ற செய்தி பரவி வருகிறது, இது சரியன்று. அந்த ஜன்னல்கள் கூர்மூலைச் சதுரங்களே அல்ல, மூலைகள் வளைக்கப்பட்டவை.

1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே 35 பேருடன் விழுந்த விமானத்தின் சிதைவுகளைக் கடலிலிருந்து மீட்டு ஆராய்ந்தவர்கள், விரிசல் பயணிகள் ஜன்னலில் அல்லாமல், கூரையில் வானொலித் திசைகாட்டியின் ஆன்டெனாவுக்காக வெட்டப்பட்டிருந்த திறப்பின் மூலையில் தொடங்கியதாகக் கண்டனர். அந்தத் திறப்பையும் 'ஜன்னல்' என்றே அழைத்ததுதான் குழப்பத்தின் வேர் எனத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் வேறொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பயணந்தோறும் உடற்பகுதி ஏற்கும் காற்றழுத்தத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, அது முன்பு பறந்த பயணங்களையும் சேர்த்து 3057 சுற்றுகளில் கிழிந்து, உலோகச் சோர்வை, அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் ஏற்றதால் உலோகம் பலவீனமடைந்து விரிசல் விடுவதை, உறுதிப்படுத்தியது. திறப்புகளின் மூலைகளில் தகைவு (உலோகத்துக்குள் ஏற்படும் இழுவிசை) எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் குவிந்தது உண்மையே. ஆகவே வடிவத்துக்கும் ஒரு பங்குண்டு.

ஆனால் 1952 அக்டோபரில் ரோமிலும் 1953 மார்ச்சில் கராச்சியிலும் நேர்ந்தவை புறப்பாட்டு விபத்துகள். 1953 மே மாதம் கல்கத்தா அருகே 43 பேர் மாண்ட விபத்தில், கடும் இடிப்புயலில் சிக்கி விமானத்தின் கட்டமைப்பு முறிந்ததாகவே விசாரணை முடிவு செய்தது.