நிற்கும் இடத்துக்கும் வேலி

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் களத்தடுப்பாளர்கள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டு முதல் சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்க உட்காரும் ஒவ்வொரு மாலையும் எனக்கு எரிச்சலில்தான் முடிகிறது. இடக்கை மட்டையாளர் ஒருவர், எப்போதும் செய்வதுபோலவே, பந்தை வலப்பக்கமாக இழுத்து அடிக்கிறார். அது, மட்டையாளர் ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு நிலைகளில் முதலிரண்டான ஃபர்ஸ்ட் பேஸுக்கும் செகண்ட் பேஸுக்கும் நடுவே தரையோடு உருண்டு புல்வெளிக்குள் போய்ச் சேருகிறது. அவர் பேஸில் ஏறி நின்று கைதட்டிக்கொள்கிறார். வர்ணனையாளரோ புதிய விதியின் பலனைப் பாருங்கள் என்று பூரித்துப்போகிறார். பந்து அங்கேதான் வரும் என்று அந்தப் பகுதியைக் காக்கும் செகண்ட் பேஸ்மனுக்குத் தெரியும், அவருடைய பயிற்சியாளருக்குத் தெரியும், அரங்கில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் அங்கே நிற்கக் கூடாதாம்.

விதி சொல்வது இவ்வளவுதான். பந்துவீச்சாளர் மேட்டில் காலூன்றி வீசத் தொடங்கும்போது பேஸ்களை ஒட்டிக் காக்கும் நான்கு இன்ஃபீல்டர்களும் இரண்டு கால்களையும் இன்ஃபீல்ட் மண்பரப்பின் வெளி எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். செகண்ட் பேஸுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் என்று நிற்க வேண்டும். விருப்பம்போலப் பக்கம் மாறிக்கொள்ளவும் முடியாது. இதற்கு முன்பிருந்த ஏற்பாடு இதைவிட எளிமையானது, கம்பீரமானதும்கூட. பந்துவீச்சாளருக்கும், மட்டையாளருக்குப் பின்னால் இருக்கும் கேட்சருக்கும் மட்டுமே இடம் குறிக்கப்பட்டிருந்தது; மற்ற ஏழு பேரும் கோடுகளுக்கு உள்ளே எங்கு வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். அவ்வளவு பெரிய மைதானத்தை ஏழு பேரால் முழுதாகக் காக்க முடியாது என்பதால், எதைக் காப்பது, எதைத் திறந்து விடுவது என்று முடிவு செய்வதுதான் களத்தடுப்பின் மூளை வேலை. அந்த வேலையில் பாதியைத்தான் ஒரு கையெழுத்தில் பறித்துவிட்டார்கள்.

தடுப்பாளர்களை ஒரு பக்கமாக நகர்த்தி நிறுத்தும் ஷிஃப்ட் என்பது கணிப்பொறிக் கூட்டம் நேற்றுக் கண்டுபிடித்துப் பழைய ஆட்டத்தைக் கெடுத்த சூழ்ச்சி என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகிறது. 1946 ஜூலை 14 அன்று, பாஸ்டனில் நடந்த இரட்டை ஆட்டத்தின் முதல் ஆட்டத்தில் பாஸ்டன் அணியின் இடக்கை மட்டையாளர் டெட் வில்லியம்ஸ், ஒரே அடியில் நான்கு பேஸ்களையும் சுற்றிவரும் ஹோம் ரன்கள் மூன்று அடித்துத் தன் அணிக்கு எட்டு ரன்கள் சேர்த்துக் கொடுத்தார். எதிரணியான கிளீவ்லாந்தின் மேலாளராகவும், செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே காக்கும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் ஒருசேர இருந்த லூ பூட்ரோ, இரண்டாவது ஆட்டத்தில் ஏறத்தாழ எல்லாத் தடுப்பாளர்களையும் வலப்பக்கம் நகர்த்தி, இடப்பக்கம் முழுவதையும் அந்தப் பக்கப் புல்வெளியைக் காக்கும் லெஃப்ட் ஃபீல்டர் ஒருவர் பொறுப்பில் விட்டார். அதே ஆண்டு மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியும் வில்லியம்ஸுக்கு எதிராக இப்படித் தடுப்பை நகர்த்தியது. அவர் 25 முறை மட்டை பிடித்து, அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேரும் ஹிட்கள் ஐந்தே ஐந்துதான் எடுத்தார், பாஸ்டன் தொடரை இழந்தது. ஆட்டத்தின் மிகச் சிறந்த மட்டையாளர் என்று பலரும் கருதிய ஒருவருக்கே இந்த நிலை வந்தபோதும், அவருக்காக எந்த விதியும் மாற்றப்படவில்லை.

அதைவிட முக்கியமானது, அந்த ஆண்டு செப்டம்பர் 13 அன்று நடந்தது. அதே கிளீவ்லாந்து, அதே தடுப்பு வியூகம். வில்லியம்ஸ் பந்தை இடப்பக்கம், முன்னே வந்து நின்றிருந்த லெஃப்ட் ஃபீல்டரின் தலைக்கு மேலே அடித்துவிட்டு, பந்து திரும்பி வருவதற்குள் நான்கு பேஸ்களையும் ஓடிக் கடந்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கையில் மைதானத்துக்குள்ளேயே ஓடி எடுத்த ஒரே ஹோம் ரன் அதுதான். அந்த ஒற்றை ரன்னில் 1-0 என்று வென்று பாஸ்டன், மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. தடுப்பு ஒரு கேள்வி கேட்டது, மட்டை பதில் சொன்னது. எனக்கு பேஸ்பால் என்றால் இந்த உரையாடல்தான். இன்றைய விதியோ, பாடம் படிக்காத பிள்ளை தேறவில்லை என்பதற்காக வினாத்தாளிலிருந்து அந்தக் கேள்வியையே அடித்துவிடும் பள்ளிக்கூடத்தைப்போல நடந்துகொள்கிறது.

சரி, ஆட்டம் சலிப்பூட்டுவதாக ஆகிவிட்டது என்கிறார்கள். அதை நானும் மறுக்கவில்லை. 2022இல் லீக் முழுவதற்குமான அடிப்புச் சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு, 0.243 ஆகச் சரிந்தது, 1968க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. ஆனால் இதற்குக் காரணம் செகண்ட் பேஸ்மன் பத்தடி பின்னால் நின்றதா? 2018இல், வரலாற்றில் முதன்முறையாக, ஒரு பருவம் முழுவதிலும் விழுந்த ஹிட்களைவிட, மட்டையாளர் மூன்று ஸ்டிரைக்குகளில் வெளியேறும் ஸ்டிரைக்அவுட்கள் அதிகமாயின. மட்டையில் படாத பந்தை எந்தத் தடுப்பாளரும் தடுப்பதில்லை, அவர் எங்கே நின்றால் என்ன? நேர்ப்பந்தின் சராசரி வேகமே மணிக்கு 94 மைலைத் தொட்டுவிட்ட காலத்தில், ஒரு இன்னிங்ஸுக்கு ஒருவர் என்று புதுப்புதுக் கைகள் வந்து முழுவேகத்தில் வீசிவிட்டுப் போகும் காலத்தில், மட்டையாளர்களும் ஹோம் ரன் அல்லது ஒன்றுமில்லை என்று மட்டையை மேல்நோக்கிச் சுழற்றும் காலத்தில், குற்றவாளி என்று பிடித்து வந்தது இன்ஃபீல்டரையா? 1968இல் பந்துவீச்சு ஓங்கி, அமெரிக்கன் லீக்கில் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி வெறும் 0.301 சராசரியில் முதலிடம் பிடித்தபோது, அடுத்த ஆண்டே பந்துவீச்சாளர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், மட்டையாளர் அடிக்காமல் விட்டாலும் ஸ்டிரைக் என்று எண்ணப்படும் பந்துகளின் எல்லையையும் சுருக்கினார்கள். நோய் இருந்த இடத்தில் மருந்து வைத்தார்கள்.

இப்போது வைத்த மருந்து என்ன செய்தது? 2023இல் லீக் சராசரி 0.248க்கு ஏறியது, உடனே வெற்றி முழக்கம் எழுந்தது. 2024இல் அது மறுபடியும் 0.243. ஹிட்களைவிட ஸ்டிரைக்அவுட்களே அதிகம் என்ற நிலையும் அப்படியே தொடர்ந்தது. ஷிஃப்ட்டால் நசுக்கப்பட்டவர் என்று இரக்கத்தோடு காட்டப்பட்ட ஜோயி கேலோ, 2022இல் 0.160 அடித்தவர், தடை வந்த ஆண்டில் 0.177 அடித்தார். கைல் ஷ்வார்பர் அதே ஆண்டு 47 ஹோம் ரன்கள் அடித்தும் அவருடைய சராசரி 0.218இலிருந்து 0.197க்கு இறங்கியது. கோரி சீகர் 0.245இலிருந்து 0.327க்குத் தாவினார் என்பது உண்மை. அதில் விதிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம், அவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் லூயிஸ் அராயெஸைப் பாருங்கள். அவரும் இடக்கை மட்டையாளர்தான். ஷிஃப்ட் முழுச் சுதந்திரத்தோடு உலவிய 2022இல் 0.316 அடித்து அமெரிக்கன் லீக்கில் சராசரியில் முதலிடம் பிடித்தார். பந்தை எந்தப் பக்கமும் தள்ளத் தெரிந்தவருக்கு யார் எங்கே நின்றாலும் கவலையில்லை. அந்தத் திறமையை வளர்க்கும் தேவையையே ஒழித்துவிட்டு, அந்தத் திறமை ஏன் அருகிவருகிறது என்று ஒப்பாரி வைக்கிறார்கள்.

கிரிக்கெட்டில் இல்லாத கட்டுப்பாடா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கிரிக்கெட்டில் இருக்கிறது, ஆனால் எங்கே, எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும். டெஸ்ட் ஆட்டத்தில், லெக் பக்கம் மட்டையாளருக்குப் பின்னால் இருவருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டின் பின்னணியில் உடலைக் குறிவைத்து வீசிய 1932-33 பாடிலைன் தொடரின் கசப்பு இருக்கிறது. மற்றபடி ஸ்லிப்பில் ஒன்பது பேரை நிறுத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஒருநாள் ஆட்டத்தின் வட்டக் கட்டுப்பாடு, ஓவர்கள் எண்ணி விற்கப்படும் ஒரு தனி வடிவத்துக்காக ஏற்பட்டது. அதைப் பிடிக்காதவர் டெஸ்ட் பார்க்கப் போகலாம். மேஜர் லீக்கில் வேறு வடிவம் எங்கே இருக்கிறது? இருக்கும் ஒரே வடிவத்தைத்தான் குறுக்கிவிட்டார்கள். கூடைப்பந்தில்கூட, ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பைப் பல்லாண்டுகளாகத் தடைசெய்து வைத்திருந்த அமெரிக்க லீக்கான என்பிஏ, 2001இல் அந்தத் தடையை நீக்கிவிட்டு எதிர்த்திசையில் நடந்தது.

போகட்டும், விதியாவது முழுமையானதா? பின்புறப் புல்வெளியைக் காக்கும் அவுட்ஃபீல்டர்களுக்கு இந்த விதியில் எந்தத் தடையும் இல்லை. விதி நடைமுறைக்கு வந்த 2023 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களிலேயே பாஸ்டன் அணி கேலோவுக்கு எதிராக ஓர் அவுட்ஃபீல்டரை வலப்பக்கம் முன்னே கொண்டுவந்து, பழைய செகண்ட் பேஸ்மன் நின்ற இடத்தில் நிறுத்திக்காட்டியது. ஷார்ட்ஸ்டாப்பும் செகண்ட் பேஸுக்கு ஓர் அடி இப்புறம் நின்றுகொண்டு, பந்து கையைவிட்டுப் போனதும் அப்புறம் ஓடலாம். இதை எல்லாம் பார்த்துக்கொண்டு, நடுவர் ஆட்டத்துக்கு நடுவே காலணிகள் மண்ணில் இருக்கின்றனவா, புல்லைத் தொடுகின்றனவா என்று குனிந்து ஆராய வேண்டியிருக்கிறது. விதியை நிறைவேற்றிய 2022 செப்டம்பர் வாக்கெடுப்பில், விதிகளை முடிவு செய்யும் குழுவிலிருந்த ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகள் நால்வரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஆறு பேர் உரிமையாளர்கள் தரப்பு என்று அமைக்கப்பட்ட பதினோரு பேர் குழுவில் அந்த எதிர்ப்புக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? அதே வாக்கெடுப்பில் வந்த, குறித்த நேரத்துக்குள் பந்தை வீசச் சொல்லும் பந்துவீச்சுக் கடிகாரத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆட்ட நேரத்திலிருந்து ஏறத்தாழ 24 நிமிட வெட்டித்தனத்தை முதல் ஆண்டிலேயே அது துடைத்தெறிந்தது. சோம்பலைத் தண்டித்த அதே கைகள் சிந்தனையையும் சேர்த்துத் தண்டித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தண்டனையும் போதவில்லை என்று 2025இல் அதைக் கூட்டியிருக்கிறார்கள். முதலில், விதியை மீறி நின்றால் ‘பால்’ எனப்படும் தவறான பந்து ஒன்று மட்டும் மட்டையாளருக்குச் சாதகமாகக் கணக்கில் சேரும். இப்போதோ, மீறி நின்ற இன்ஃபீல்டர் அடிக்கப்பட்ட பந்தை முதலில் தொட்டுவிட்டால், மட்டையாளருக்கு ஃபர்ஸ்ட் பேஸ் இலவசம், ஏற்கெனவே பேஸில் இருப்பவர்களும் ஒவ்வொரு பேஸ் முன்னேறலாம். அந்தத் தடுப்பாளர் பந்தைச் சிந்தவில்லை, தவறாக எறியவில்லை. வரும் இடத்தைக் கணித்து நின்று, வந்த பந்தைச் சுத்தமாகப் பிடித்தார். அதற்காக ஸ்கோர் புத்தகத்தில் அவருடைய பெயருக்கு நேரே ‘எரர்’, அதாவது பிழை, என்று எழுதுகிறார்கள்.