பட்டைக்குத் தெரியாத பயம்

"அதான் பார்லயே தெரியுதே மாமா, அப்புறம் எதுக்கு இவங்க பேசறத மணிக்கணக்கா உட்காந்து கேக்கறீங்க?"

நான் செஸ் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது அக்கா பையன் போன வாரம் கேட்டது. பத்தாவது படிக்கிறான், மாவட்டப் போட்டிகளில் செஸ் ஆடுகிறான். உலக சாம்பியன்ஷிப் ஆட்டம் ஓடினால் அவன் பலகையைப் பார்ப்பதே குறைவு. யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்ட, பக்கத்தில் நிற்கும் கருப்பு வெள்ளைப் பட்டையைத்தான் பார்ப்பான். வெள்ளை ஏறினால் வெள்ளைக்கு நல்லது, கருப்பு ஏறினால் கருப்புக்கு நல்லது, பாதியில் நின்றால் சமம். சமம் என்பதற்கு 0.0 என்று காட்டினால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அவனைக் குறை சொல்லவில்லை. இப்போது பெரியவர்களே அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு வாயில் பதில் வரவில்லை. நாலு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. துபாயில் அப்போதைய சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனுக்கும், அவரை எதிர்த்து ஆடிய இயான் நெப்போம்னியாச்சிக்கும் உலக சாம்பியன்ஷிப். ஆறாவது ஆட்டம். அதற்கு முந்தைய ஐந்தும் டிரா. அதற்கும் முன்னால் 2018இல் லண்டனில் கார்ல்சனும் அமெரிக்காவின் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு கிளாசிக்கல் ஆட்டமும், அதாவது மணிக்கணக்கில் யோசித்து ஆடும் ஆட்டமும், டிரா. உலக சாம்பியன்ஷிப்பில் கிளாசிக்கல் ஆட்டம் ஒன்றை ஒருவர் ஜெயித்து ஐந்து வருஷம் தாண்டியிருந்தது. செஸ் செத்துவிட்டது, கம்ப்யூட்டர் அதைக் கொன்றுவிட்டது என்று எழுதாதவர்கள் கிடையாது.

அந்தப் போட்டிக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அதிகாரப்பூர்வ வர்ணனையில் விஸ்வநாதன் ஆனந்தும் உக்ரைனைச் சேர்ந்த அன்னா முசிசுக்கும் இருந்தார்கள். இன்னொரு ஒளிபரப்பில் ஜூடித் போல்கரும் அனிஷ் கிரியும். நான் ஆனந்த் பக்கம். நம்ம ஊர்க்காரர் என்பது ஒரு காரணம், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. கார்ல்சனுக்கு எதிரே உலக சாம்பியன்ஷிப் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை தோற்றவர் அவர். 2013இல் சென்னையில் பட்டத்தை இழந்தார். 2014இல் சோச்சியில் அதைத் திரும்ப வாங்கப் போய் அங்கேயும் தோற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருவர், அதே கார்ல்சன் இன்னொருவரைப் பிழிவதைப் பார்த்துப் பேசுகிறார். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

சோச்சியை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதுவும் ஆறாவது ஆட்டம்தான். வெள்ளைக் காய்களோடு ஆடிய கார்ல்சன் 26வது நகர்வில் ராஜாவை d2 கட்டத்தில் வைத்தார். பெரிய தவறு. ஆனந்த் குதிரையால் e5இல் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழாகியிருக்கும். காயை வைத்துக் கையை எடுத்த பிறகுதான் கார்ல்சனுக்குத் தெரிந்தது. மேஜையில் கைகளை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஆனந்தோ ஏற்கெனவே மனதில் போட்டு வைத்திருந்த திட்டப்படி, அதிக நேரம் எடுக்காமல் ஓரத்துச் சிப்பாயை a4க்குத் தள்ளினார். தள்ளிய உடனே அவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குள் வாய்ப்பு போய்விட்டது, பிறகு ஆட்டமும் போனது.

உலகத்திலேயே சிறந்த இரண்டு பேர், ஒரே பலகை, நாலு கண். இரண்டு பேரும் பார்க்கவில்லை. அதே நேரத்தில் வீட்டில் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும், செஸ் விதி அரைகுறையாகத் தெரிந்தவருக்கும்கூட, அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. "இதைக்கூடப் பார்க்கலையா" என்று சிரித்தவர்கள் எத்தனை பேர்! பரீட்சையில் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிதான் அது. அங்கே ஒன்று இருக்கிறது என்று யாராவது காதில் சொன்னால், கிராண்ட்மாஸ்டர் யாராயிருந்தாலும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். சொல்ல யாரும் இல்லாததுதான் செஸ்ஸே.

நல்ல வர்ணனையாளர் அந்தச் "சொல்ல ஆளில்லாத" இடத்தில் நம்மை உட்கார வைக்கிறார். ஆனந்த் பேசும்போது கவனியுங்கள். ஒரு நிலையைப் பார்த்ததும் நாலைந்து நகர்வு வரிசைகளை மளமளவென்று கொட்டுவார். பாதிதான் நமக்குப் பிடிபடும். பரவாயில்லை. பிறகு வேகத்தைக் குறைத்து, இதில் எது மனிதன் ஆடக்கூடியது, எது கம்ப்யூட்டர் மட்டும் ஆடக்கூடியது என்று பிரித்து வைப்பார். என்னைப் பொறுத்தவரை மொத்த வர்ணனையும் அந்தப் பிரிப்புக்குள் இருக்கிறது. பட்டைக்கு எல்லா நகர்வும் ஒன்றுதான், எண் மட்டும்தான் வேறு. நாற்காலியில் இருப்பவனுக்குச் சில நகர்வு தானாகக் கைக்கு வரும், சிலது கண்ணுக்கே தெரியாது, சிலது தெரிந்தும் தொடப் பயமாயிருக்கும். முசிசுக்கும் சளைத்தவரில்லை. 2016இல் ரேபிட், பிளிட்ஸ் என்ற வேக ஆட்டங்கள் இரண்டிலும் மகளிர் உலக சாம்பியன். ஆனந்த் தாண்டிக் குதித்துப் போன இடத்துக்குத் திரும்பி வந்து, இங்கே கருப்பு இப்படி ஆடினால் என்ன என்று நிறுத்திக் கேட்கிற ஆள் பக்கத்தில் இருப்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

துபாய்க்கு வருகிறேன். ஆட்டத்தின் நடுவில், வெள்ளைக் காய்களோடு ஆடிய கார்ல்சன் ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளை வாங்கினார். கணக்குப்படி ஏறக்குறைய சமம். ஆனால் இப்படி ஒரு பக்கம் ராணியும் மறுபக்கம் இரண்டு யானையும் நின்றால் யாருக்கும் நிம்மதி இருக்காது. ராணி எங்கிருந்தும் பாயும், யானைகள் கைகோத்தால்தான் பலம். முதல் 40 நகர்வுக்குத் தரும் இரண்டு மணி நேரம் கரைய, இருவருக்கும் கடிகாரம் கழுத்தைப் பிடித்தது. அந்த நேர நெருக்கடியில் இருவருக்கும் வாய்ப்பு வந்தது, இருவரும் விட்டார்கள். பட்டை மேலும் கீழுமாகத் துள்ளியது. எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த இருபது நிமிடம் இரண்டு பேரும் மடையர்களாகத் தெரிந்திருக்கும். வர்ணனை கேட்டவர்களுக்கு, கை நடுங்க ஆடும் இரண்டு மனிதர்கள் தெரிந்தார்கள்.

அதற்குப் பிறகு பட்டை தூங்கிவிட்டது. சமம், சமம், சமம். என் அக்கா பையன் போனைக் கவிழ்த்து வைக்கும் கட்டம். ஆட்டம் உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

53வது நகர்வில் கார்ல்சனின் யானை, கருப்பின் a3 சிப்பாயை எடுத்தது. வெள்ளையை உறுத்திக்கொண்டே இருந்த முள் அது. பதிலுக்கு ராணி h4 சிப்பாயைத் தின்றது. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். யானை இங்கே வரும், அங்கே போகும், ராஜா ஒரு கட்டம் நகரும், திரும்ப வரும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஏனென்றால் வர்ணனையாளர் இல்லாவிட்டால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். வெள்ளைக்கு அவசரமில்லை, தோற்கவும் வழியில்லை. ஒன்று ஜெயிக்கும், இல்லையென்றால் டிரா. கருப்புக்கு நல்ல முடிவு என்றால் டிரா ஒன்றுதான். அப்படியிருக்கையில் ஒருவரை மணிக்கணக்கில் உட்கார வைத்து, ஒவ்வொரு நகர்விலும் சின்னதாய் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது சித்திரவதை. பட்டையில் அது 0.0. கார்ல்சனிடம் அதே சித்திரவதையைச் சென்னையில் அனுபவித்தவர் குரலில் கேட்கும்போது அந்த 0.0க்கு எடை வந்துவிடுகிறது. 2013இல் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை ஆனந்த் தோற்றதும் இந்த மாதிரி ஒன்றுமில்லாத யானை முடிவாட்டங்களில்தான்.

80வது நகர்வு. கார்ல்சன் ஒரு யானையால் f7 சிப்பாயை வெட்டினார். ராஜா யானையை வெட்டியது. அடுத்த யானை b7இல் செக். ராஜா ஒதுங்க, a7இல் நின்ற பிஷப் போயிற்று. ஒரு யானை கொடுத்து, ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும். இப்போது வெள்ளைக்கு யானை, குதிரை, சிப்பாய்கள். கருப்புக்கு ராணியும் ஒரு சிப்பாயும். பட்டை அசையவில்லை. கம்ப்யூட்டருக்கு இது இன்னொரு சமநிலை, அவ்வளவுதான். ஆனால் பலகையைப் பாருங்கள்: வெள்ளைக் காய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூட்டமாக நிற்கின்றன, மெல்ல முன்னால் வருகின்றன. ராணி தன்னந்தனியாக வெளியே சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். களைத்த மனிதனுக்கு இந்த இரண்டில் எந்த வேலை சுலபம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னாள் உலக சாம்பியன் ஒருவர் இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்காருகிறாரே, அதுபோதும் எனக்கு, ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள.

இரவு பன்னிரண்டு தாண்டியிருந்தது நமக்கு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டேன். இருவரிடமும் மிச்ச நேரம் கிடையாது, ஒவ்வொரு நகர்வுக்கும் கூடும் 30 விநாடிதான். 1978இல் பகுயோவில் கார்ச்னாயும் கார்ப்போவும் ஆடிய 124 நகர்வுதான் அதுவரை உலக சாம்பியன்ஷிப்பின் மிக நீண்ட ஆட்டம். அதையும் தாண்டிப் போனது. கடைசியில் பலகையில் ஏழே காய். வெள்ளைக்கு ராஜா, யானை, குதிரை, இரண்டு சிப்பாய். கருப்புக்கு ராஜாவும் ராணியும்.

ஏழு காய் மிஞ்சிய நிலைகளையெல்லாம் கம்ப்யூட்டர்கள் முழுசாகக் கணக்குப் போட்டு முடித்துவிட்டன. அங்கே கருத்துக்கு இடமில்லை, வெற்றி, தோல்வி, டிரா என்று தீர்ப்பே இருக்கிறது. தீர்ப்பு: டிரா. ஆனால் அந்த டிராவுக்குக் கருப்பு சரியான கட்டத்தை ஒவ்வொரு முறையும் 30 விநாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், ஏழரை மணி நேரம் ஆடிய மூளையோடு. 130வது நகர்வில் நெப்போம்னியாச்சி ராணியை e6க்குக் கொண்டுவந்தார். தூரத்தில், b1இலோ c2இலோ வைத்து, பின்னாலிருந்து ராஜாவைத் துரத்தியிருக்க வேண்டும். ராணி முன்னால் வந்து நின்றதும் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடம் கிடைத்துவிட்டது. 136வது நகர்வில் குதிரை g7இல் இறங்கியது. நெப்போம்னியாச்சி தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார். 7 மணி 45 நிமிடம்.

அடுத்த ஒரு வாரத்தில் நெப்போம்னியாச்சி உடைந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள். ஒன்பதாவது ஆட்டத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளித் தன் பிஷப்பைத் தானே கூண்டில் அடைத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யாத தவறு என்று கேலி செய்தார்கள். டிசம்பர் 3 ராத்திரியை முழுசாகக் கேட்டவர்கள் கேலி செய்திருக்க முடியாது. அந்த பிஷப் ஆறாவது ஆட்டத்திலேயே பாதி மாட்டிக்கொண்டுவிட்டது.

எல்லா வர்ணனையும் இப்படி இருப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷ் – டிங் லிரன் பதினாலாவது ஆட்டம். டிங் யானையை f2இல் வைத்தார், பட்டை சரிந்தது, பல ஒளிபரப்புகளில் ஒரே கூச்சல். நானும் கத்தினேன், அது நம்ம பையன். ஆனால் அந்தச் சில விநாடி குகேஷுக்கே தெரியாது. வேறு ஒரு நகர்வை ஆடத்தான் போனதாக அவரே பிறகு சொன்னார். டிங்கின் பிஷப் a8 மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யானைகளை மாற்றிவிட்டு d5இல் பிஷப்பை நீட்டினால் அதற்கு ஓட வழியில்லை, பிஷப்பும் மாறிவிட்டால் ஒரு சிப்பாய் கூட இருப்பவன் ஜெயிப்பான். இந்த மூன்று வரி ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரியும். கூச்சலுக்கு நடுவில் அதை யாராவது நிதானமாகச் சொல்லியிருந்தால், தமிழ்நாட்டில் அன்றைக்கு முதல்முதலாகச் செஸ் பார்த்த எத்தனையோ வீடுகளில் "ஜெயிச்சுட்டான்" என்பதோடு "எப்படி ஜெயிச்சான்" என்பதும் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நேற்று சாயந்திரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பலகையை எடுத்து வைத்து, துபாயின் அந்த ஏழு காய் நிலையை அடுக்கினேன். கருப்பு ராணியை அவன் பக்கம் தள்ளினேன்.

"இது டிரா மாமா."

"தெரியும்டா. நீ டிரா பண்ணு. நகர்வுக்கு முப்பது விநாடி."

போனில் கடிகாரம் வைத்தோம். முதல் பத்து நகர்வு சிரித்துக்கொண்டே ஆடினான். அதற்கப்புறம் பேச்சு நின்றது. ராணியைத் தொட்டான், எடுத்தான், கைவிடாமல் இரண்டு மூன்று கட்டத்துக்கு மேலே கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தான். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள், நிமிரவில்லை. இருபத்திமூன்றாவது நகர்வில் நேரம் முடிந்தது, ராணி அவன் கையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த ராத்திரி ஆனந்த் பேசினதை முதலிலிருந்து போடச் சொன்னான்.