எச்.ஆர். (மனிதவள) வேலை சென்னையில் மட்டும்தானா?

“எச்.ஆர். படித்தால் சென்னை, பெங்களூரு ஐ.டி. கம்பெனியில்தான் வேலை, டெல்டாவில் நெல்லைத் தவிர என்ன இருக்கிறது?” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சுற்றுகிறது. தவறு.

பொதுவாக 10 பேர் வேலை பார்த்தாலே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), 20 பேர் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாயம். அந்த ஆள்கணக்கைத் தாண்டிய ஜவுளிக்கடை, மருத்துவமனை, தனியார் கல்லூரி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆதாரில் ‘முருகன் எஸ்’, பி.எஃப். கணக்கில் ‘முருகன் சுப்பையா’ என்றிருந்தால் பணம் எடுக்கும்போது இழுபறிதான். இந்த இன்ஷியல் சமாச்சாரத்தை முதலிலேயே சரிபார்க்க ஓர் எச்.ஆர். ஆள் இருந்தால் பாதித் தலைவலி போச்சு.

சம்பளம்? தொடக்கத்தில் சென்னை அளவுக்கு வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. சின்ன நிறுவனங்களில் கணக்குப்பிள்ளையே எச்.ஆர். வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். ஆனால் சம்பளப் பட்டியலும் தொழிலாளர் சட்டமும் தெரிந்தவருக்குத் திருச்சி, திருவெறும்பூர் தொழிற்சாலைகள் பக்கமும் வழி உண்டு.