வேலையோடு விசாவும் போகும் என்றால் யார் புகார் கொடுப்பார்?

"உண்மையென்றால் அப்பவே சொல்லியிருக்கலாமே?" வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண் பாலியல் தொல்லையைப் பற்றி வாய் திறந்ததும் வந்து விழும் முதல் கேள்வி இது. பல நாடுகளில் அவள் விசா ஒரே முதலாளியை நம்பி இருக்கிறது. வேலை போனால் அங்கே தங்கவும் முடியாது. படுக்கிற அறையும் கம்பெனி கொடுத்தது. ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் வட்டியோடு ஏறிக்கொண்டே போகிறது. கை வைத்த சூப்பர்வைசர்தான் அடுத்த வார ஷிஃப்டையும் போடுகிறவர். எங்கே போய்ச் சொல்வாள்?

சரி, துணிந்து போய்விட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாட்டு மொழி அவளுக்குச் சரளமாக வராது. "உங்க ஊர்க்காரர்தானே" என்று சூப்பர்வைசரின் கூட்டாளியையே மொழிபெயர்க்க உட்கார வைக்கிறார்கள். எங்கே தொட்டான், என்ன சொன்னான் என்பதை அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் சொல்ல வேண்டும். அவள் அழுது அழுது சொன்னதையெல்லாம் "ஏதோ மனஸ்தாபமாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். இரவுக்குள் விஷயம் அவள் வீட்டுக்கும் போய்விடும், அதுவும் அவள்மேல் பழியாக. அப்புறம் ஃபைலை மூட எவ்வளவு நேரமாகும்? எனக்கு ஆத்திரம் பொங்குவது இந்த இடத்தில்தான்.

"அவங்க கலாச்சாரத்தில் பெண்கள் பேச மாட்டாங்க" என்று சொல்லும் நிர்வாகிகளை நான் நம்புவதில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வேலை உலகில் வன்முறையையும் தொல்லையையும் ஒழிப்பதற்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறி, 2021இல் நடைமுறைக்கு வந்தது. முதலாளி கொடுத்த தங்குமிடம், வேலைக்குப் போய்வரும் வழி, மொபைலில் வரும் மெசேஜ் எல்லாமே அதன் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் விசா பயம் தீராமல் அதை வைத்து அவள் என்ன செய்வாள்? கனடா 2019இல் ஒரு வழி செய்தது: ஒரே முதலாளிக்கான அனுமதியில் இருப்பவர் கொடுமைக்கு ஆளானால், வேறு எங்கும் வேலை செய்யத் தனி அனுமதி கேட்கலாம். ஆஸ்திரேலியாவும் 2024இல், பணியிட வழக்கு நடத்துகிறவர்கள் சில மாதம் தங்கி வேலை பார்க்க ஒரு விசாவைச் சோதனை முறையில் கொண்டுவந்தது. இரண்டும் குறுகிய கால ஏற்பாடுகள்தான். ஆனாலும் மற்ற நாடுகள் இங்கிருந்தாவது தொடங்கட்டும்.

அதோடு, மொழிபெயர்ப்பாளர் கம்பெனிக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஆணா பெண்ணா என்பதை அவளே முடிவு செய்யட்டும். தொழிலாளர் துறையில் கொடுத்த புகார் குடியேற்றத் துறையின் மேஜைக்குப் போகவே கூடாது. விசாரணை முடியும்வரை அந்த அறையைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரமும் முதலாளியிடம் இருக்கக் கூடாது.