பீடி சுற்றும் அம்மாவின் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஆலங்குளம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். எந்தத் தெருவில் நடந்தாலும் மடியில் தட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நேரத்துக்குள் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நாலாம் வகுப்பில் புகையிலையின் கேடு பற்றிச் சொல்லும்போது, புற்றுநோய் வந்த வாயின் படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் விரல்களைப் பாவாடையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் பீடி முனை மடக்கிக் கொடுப்பது அவள்தான். "டீச்சர், எங்கம்மா கெட்ட வேலையா செய்யிறா?" என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: அம்மா உன்னைப் படிக்க வைக்க உழைக்கிறாள். கெட்டது அந்தத் தூள். நாள் முழுக்க அதைத் தொட்டு, அதன் நெடியைச் சுவாசிக்கிற அம்மாவுக்கும் அதுதான் கேடு செய்கிறது. நீ அதைத் தொடாதே, படி. இப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் புரிகிறது. வெறும் பயமுறுத்தலில் அந்தப் படம்தான் மனதில் நிற்கும், அம்மாவைப் பற்றிய வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

ஒன்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். 2019-இல் நாடு முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். பீடி குடித்துப் பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பத்து வயது நிறையும் முன்பே அதைத் தொட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் போய்ச் சொன்னால் யாருக்குச் சொல்வது? மே 31 புகையிலை எதிர்ப்பு நாளில் உறுதிமொழி எடுக்கலாம் என்றால், அன்றைக்கு நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை.

அப்புறம் இன்னொன்று. "தாத்தாவுக்குப் பீடி வாங்கிட்டு வர்றது யாரு?" என்று கேட்டேன். பதினோரு கைகள் உயர்ந்தன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. தாத்தாவுக்குத்தான் என்றாலும் குற்றம்தான். ஆனால் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது நாம்தானே? வாங்கப் பழகிய கைக்கு, ஒன்றை உருவிப் பற்ற வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

அதனால் மறுத்துச் சொல்ல வகுப்பிலேயே நடித்துப் பழக்குகிறோம். ஒருவன் தாத்தா, ஒருத்தி பேத்தி. முதலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் அந்தச் சிறுமியே எழுந்து வந்தாள். "தாத்தா, வேற என்ன வேணும்னாலும் வாங்கிட்டு வாரேன். பீடி மட்டும் வாங்க மாட்டேன். நீங்க ரொம்ப நாள் இருக்கணும்."

தாத்தாவாக நடித்த பையனுக்குப் பதில் வரவில்லை.