ஜாங்கோவுக்கு முதல் ஒரு ஐம்பது வரி

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கோடிங் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்த எடுப்பில் பிள்ளைகளை ஜாங்கோவில், அதாவது பைத்தனில் வெப்சைட் கட்டுகிற ஃப்ரேம்வொர்க்கில், இறக்காதீர்கள். பைத்தனோடு சும்மா வருகிற எச்டிடிபி சர்வர் இருக்கிறது. முதலில் அதன் ஹேண்ட்லரை, அதாவது வருகிற ரிக்வெஸ்டுக்குப் பதில் கொடுக்கிற கிளாஸை, மாற்றி எழுத விடுங்கள். பிரவுசரும் சர்வரும் என்ன கதைக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

வேலை சின்னதுதான். சிம்பிள் ஹேண்ட்லரிலிருந்து புது கிளாஸ் ஒன்று, அதற்குள் டூ-கெட் (பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது ஓடுகிற மெத்தட்). உங்களுக்கு வேண்டிய பாதை வந்தால் பதிலை நீங்களே எழுதலாம். வேறு எது வந்தாலும் சூப்பரின் (தாய் கிளாஸின்) டூ-கெட்டிடம் தள்ளிவிட்டால் வழமைபோல ஃபோல்டரிலுள்ள ஃபைலைக் கொடுக்கும். பாதையை அப்படியே ஒப்பிட்டால் மாட்டுவீர்கள். '/பஸ்?ரூட்=138' என்று கேட்டால் கேள்விக்குறிக்குப் பின்னாலுள்ளதும் சேர்ந்தே வரும். தமிழ் எழுத்துகள் வேறு சதவீதக் குறிகளாக மாறித்தான் வரும். முதலில் பிரித்து, பிறகு டிகோட் பண்ணுங்கள்.

பதிலில் முதலில் ஸ்டேட்டஸ், அடுத்து ஹெடர்கள், என்ட்-ஹெடர்ஸ், கடைசியில் உள்ளடக்கம். என்ட்-ஹெடர்ஸை மறந்தால் ஹெடர்கள் பஃபரிலேயே கிடக்க, போய்ச் சேர்வது தலையில்லா முண்டம்.

இங்கிலீஷ் பாடங்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் சறுக்குவது கன்டென்ட்-லெங்தில், அதாவது உள்ளடக்கம் எத்தனை பைட் என்று சொல்கிற ஹெடரில். 'கொழும்பு' கண்ணுக்கு 4 எழுத்து. கொம்பு, புள்ளி போன்ற குறிகளையும் தனியாக எண்ணுவதால் பைத்தனின் லென் 8 என்று சொல்லும். யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணினால் 24. ஹெடரில் 8 என்று போட்டால் பிரவுசர் 8 பைட்டோடு நிறுத்திவிடும்: 'கொ' வரும், பக்கத்தில் ஒரு உடைந்த கட்டம். முதலில் என்கோட் பண்ணி, அந்த பைட்டுகளின் நீளத்தைப் போடுங்கள். இங்கிலீஷில் இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால் அந்தப் பாடங்களில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. எண்ணைப் போடாமலே விட்டாலும் எச்டிடிபி 1.0 இல் தப்பலாம், கனெக்‌ஷன் மூடியதும் முடிந்தது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். 1.1 க்கு மாற்றினீர்களோ, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிரவுசர் தரவு அனுப்புகிற போஸ்டிலும் இதே கதைதான். டூ-போஸ்ட் எழுதாவிட்டால் 501 பிழை வரும். எழுதி, நீளம் சொல்லாமல் ரீட் பண்ணினால் சர்வர் தொங்கும். பிரவுசர் பதிலுக்காகக் காத்திருக்க, சர்வர் இன்னும் ஏதும் வருமா என்று காத்திருக்கும்.

இன்னொரு பொறி: எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை செல்ஃபில் (ஹேண்ட்லர் ஆப்ஜெக்டில்) வைப்பது. கனெக்‌ஷனுக்கு ஒரு புது ஹேண்ட்லர் பிறப்பதால் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் பூச்சியத்துக்குப் போகும். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடுகிற இனிட்டில் வைக்கலாமே என்றால், தாய் கிளாஸின் இனிட்டே ரிக்வெஸ்டை முழுதாக முடித்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதுகிற வரி பஸ் போன பிறகு கை காட்டுவது மாதிரி. எண்ணிக்கையை சர்வர் ஆப்ஜெக்டில் வையுங்கள். ஒரே நேரத்தில் பல ரிக்வெஸ்டைக் கவனிக்கிற, பைத்தன் 3.7 இல் வந்த த்ரெடிங் சர்வரைப் பாவித்தால், இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் எண்ணிக்கையை மாற்றாதபடி லாக் (பூட்டு) ஒன்றும் தேவை.

இதை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம், பைத்தன் ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. முகவரியை வெறுமையாக விட்டால் எல்லா நெட்வொர்க்கிலும் காது கொடுக்கும். பம்பலப்பிட்டியில் கோப்பிக் கடை வைஃபையில் இருந்து ஓட்டினால், அடுத்த மேசைக்காரரும் உங்கள் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம். உங்கள் கணினியை மட்டும் குறிக்கிற 127.0.0.1 என்று போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.